ஸ்ரீதரன் ருசி பார்க்காத வெள்ளிக்கிழமைகள்

பேர்லினில், நொய்கெல்ன் பக்கத்தில் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கோழிச் சூப்பும் அரிசி நூடில்சும்தான் அங்கே பேர்போனவை. மத்தியானத்தில் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே குசினிக்குள் யாரோ ஒரு வியட்நாமியர் காய்ச்சுகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடமாகக் காய்ச்சுகிறவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த ஸ்ரீதரன். கடை முதலாளியம்மா லான் அதை யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. குசினிக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

ஸ்ரீதரனுக்கு இப்போது ஐம்பது வயது. தொண்ணூற்று எட்டில் ஜெர்மனிக்கு வந்து, பிராண்டன்பேர்க்கில் ஒரு காட்டோர அகதி விடுதியில் ஏழு வருடம் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. விடுதியில் கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், சொன்ன அறையில் படுக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்கு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். வாரத்தில் ஒரு விஷயம் மட்டும் அவர் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். வீட்டில் பழகிய பழக்கம்தான். ஊரில் அன்றைக்கு அம்மா மச்சம் சமைக்காததால் சாப்பிடவில்லை, அவ்வளவே. விடுதியில் அது அவராகவே செய்கிற காரியமாக மாறியது. வெள்ளிக்கிழமைத் தட்டில் இருக்கிற இறைச்சியை எடுத்துப் பக்கத்து மேசைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு உருளைக்கிழங்கைத் தின்பார். அதற்குப் பிறகு அந்தப் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை.

கடையில் வேலை கேட்டுப் போன அன்று லான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எல்லாம் சாப்பிடுவாயா? சாப்பிடாதவன் எனக்குச் சமைக்க முடியாது.”

ஸ்ரீதரன் “சாப்பிடுவேன்” என்று சொன்னார். வேலை அனுமதி கிடைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு வேலை காட்டாவிட்டால் அதுவும் போய்விடும். ஆறு நாளைக்கு அந்தப் பதில் உண்மையாகவும் இருந்தது. ஏழாவது நாள் வெள்ளி.

முதல் வெள்ளிக்கிழமை சூப்புக் கிடாரத்துக்கு முன்னால் அகப்பையோடு நின்று அவர் தனக்குத் தானே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டார். கையால் தொட்டால் வேலை, நாக்கால் தொட்டால் சாப்பாடு. வேலை செய்யலாம். கோழியைக் கழுவினார், எலும்பை வேகவிட்டார், சுட்ட இஞ்சியும் வெங்காயமும் கறுவாவும் அன்னாசிப்பூவும் போட்டார். உப்பை மட்டும் கண்ணளவில் போட்டார். கூடினால் திருத்த ஏலாது, குறைந்தால் மேசையில் சரிபண்ணிக்கொள்வார்கள் என்று எப்போதும் ஒரு பிடி குறைத்தே போட்டார். அப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் பாத்திரம் கழுவ ஆனந்தராசா வந்து சேர்ந்தார். அவரைக் கொண்டு ருசி பார்க்கலாம் என்றால் அவரும் வெள்ளிக்கிழமை சைவம்.

லானுக்கு இது தெரியாது. அவர் முன்பக்கத்தில் நிற்கிறவர். வெள்ளிக்கிழமைகளில் மேசை மேலிருக்கிற, உப்புக் கரிக்கிற மீன் சோஸ் போத்தல்கள் மற்ற நாளைவிட இரண்டு மடங்கு வேகமாகக் காலியாவதை மட்டும் கவனித்திருந்தார். வார முடிவில் ஜெர்மன்காரருக்கு நாக்குக்கு உப்புக் கூட வேண்டும்போல என்று தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, வியாழக்கிழமையே கூடுதல் போத்தல் வாங்கி வைப்பார்.

இந்த வருடம் லானுக்கு அறுபத்தொன்று. கடையை விட்டுவிடப்போவதாகச் சொன்னார். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீதரன். மற்றவர் லிச்டன்பெர்க்கில் ஏற்கெனவே இரண்டு கடை நடத்துகிற ஒரு வியட்நாமியர். அவருக்கு இந்த இடத்தில் சுஷிக் கடை போட ஆசை. லான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மாசியில் கடையை மூன்று வாரம் பூட்டி, வேலைக்காரர் எல்லாரையும் வியட்நாமுக்குக் கூட்டிப்போகப்போவதாகச் சொன்னார். “அங்கிருந்து திரும்புவதற்குள் சொல்கிறேன்” என்றார்.

எல்லாரும் என்றால் மூன்று பேர்தான்: ஸ்ரீதரன், ஆனந்தராசா, மேசைகளைப் பார்க்கிற லக்சிகா. லக்சிகாவுக்கு இருபத்திரண்டு வயது, பேர்லினில் பிறந்தவள், வெள்ளிக்கிழமை அவளுக்குத் தொழிற்பள்ளி. ஸ்ரீதரனின் மனைவி சுந்தரேஸ்வரிக்குச் சலவை நிலையத்தில் விடுமுறை கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் அவர் சொன்னது ஒன்றுதான்.

“வாயைத் திறந்து கேளுங்கோ. அவ தானாச் சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டு நிக்காதைங்கோ.”

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஹுவே நகரத்தில் இருந்தார்கள். பழைய அரசர்களின் அரண்மனையை ஒரு நாள் முழுதும் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். லானின் ஊர் வடக்கே இருந்தது. அவரும் இந்த அரண்மனையை அதுவரை கண்டதில்லை. காலையிலிருந்து மழை தூறியது. விடுதிக்காரர் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கிகளைப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆனந்தராசாவுக்கு ரோசா நிறம் வாய்த்தது.

வழிகாட்டியின் பெயர் குவாங். எழுபதை நெருங்குகிறவர். எண்பதுகளில் ஜெர்மனியின் சாக்சன் பகுதியில், லைப்சிக்கில் ஒரு நூற்பாலையில் ஒப்பந்த வேலை செய்தவர். அவர் பேசிய ஜெர்மன் முழுக்க முழுக்க அந்த ஊர் இழுவையோடு வந்தது. லக்சிகா முதல் ஐந்து நிமிடம் சிரிப்பை அடக்க மழையங்கியின் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“தாத்தா சாக்சன்காரர் மாதிரியே கதைக்கிறார், அண்ணை. கண்ணை மூடினா லைப்சிக் டிராமில நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“சும்மா வா. அந்தாளுக்கு விளங்கிடும்” என்றார் ஸ்ரீதரன்.

தெற்கு வாசலில் ஐந்து வழிகள் இருந்தன. நடுவழி அரசருக்கு மட்டும், அதன் இரு பக்கத்தாலும் அதிகாரிகள், கடைசி இரண்டும் படைவீரருக்கும் யானைக்கும் குதிரைக்கும் என்றார் குவாங்.

“எங்களுக்கு எது?” என்று ஆனந்தராசா கேட்டார்.

“ரோசாப்பூ உடுப்புப் போட்ட யானைக்கு அங்கால, அண்ணை” என்றாள் லக்சிகா.

உள்ளே பெரிய முற்றம். கல் பாவிய தரையில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. எந்தத் தர அதிகாரி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எழுதிய கற்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. சிம்மாசன மண்டபத்தில் சிவப்பும் பொன்னும் பூசிய தூண்கள். சமீபத்தில்தான் திருத்தி முடித்திருக்கிறார்கள் என்பது பளபளப்பிலேயே தெரிந்தது. லான் ஒவ்வொரு தூணையும் நின்று பார்த்தார். ஸ்ரீதரன் லானைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எந்த நேரம் கேட்கலாம், எப்படித் தொடங்கலாம் என்பதே அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை, ஜெர்மனில் முதலாளியம்மாவைக் கூப்பிடுகிறபடி, “ஷெஃபின்” என்று கூப்பிட்டும் விட்டார். லான் திரும்பியதும், “தரை வழுக்குகிறது, பார்த்து” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

மண்டபத்தைத் தாண்டினால் அரண்மனை இல்லை. புல்வெளிதான் இருந்தது. போரில் எரிந்தும் இடிந்தும் போன இடம். அத்திவாரக் கற்கள் மட்டும் புல்லுக்குள் கோடு போட்டதுபோல் தெரிந்தன. ஒரு பக்கத்தில் தோட்டக்காரப் பெண்கள் இருவர் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குவாங் குடையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார்.

“இந்தப் பக்கமாகத்தான் அரசருடைய சமையல்கூடம் இருந்தது என்று சொல்வார்கள். ஒரு வேளைக்கு ஐம்பது வகை. வாசலுக்கு வந்ததும் முதலில் வேறொருவன் ஒவ்வொன்றிலும் ருசி பார்ப்பான். அவன் விழாமல் நின்றால்தான் சாப்பாடு உள்ளே போகும்.”

லான் சிரித்தார். காலையிலிருந்து அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

“என் கடையில் அந்தச் செலவு இல்லை. ஸ்ரீயே சமைக்கிறான், ஸ்ரீயே ருசி பார்க்கிறான்.”

“வெள்ளிக்கிழமை தவிர” என்றார் ஆனந்தராசா, ஜெர்மனிலேயே.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு பகிடி வாயில் வந்துவிட்டால் விழுங்கத் தெரியாது, அவ்வளவுதான். சொன்ன பிறகுதான் எங்கே நின்று, யாருக்கு முன்னால், எந்த மொழியில் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

“வெள்ளிக்கிழமை தவிர என்றால்?” என்று லான் கேட்டார்.

லக்சிகா ஸ்ரீதரனின் மழையங்கியைப் பிடித்து இழுத்தாள். “அண்ணை, பகிடி எண்டு சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ.”

சொல்லியிருக்கலாம். லான் நம்பியும் இருப்பார். ஆனால் ஸ்ரீதரனுக்கு அந்த நேரத்தில் நாலு வருடத்துக்கு முந்திய ஒரு காலை நினைவுக்கு வந்தது.

அன்று ஒரு பேர்லின் பத்திரிகையில் கடையைப் பற்றி எழுதியிருந்தார்கள். எழுதியவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார். இடம் நல்லது, சேவை நல்லது, சூப்புக்கு மட்டும் கூச்சம் அதிகம், வாயைத் திறந்து பேசமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். லான் அதைக் குசினியில் நின்று சத்தமாக வாசித்தார். பிறகு, பழுது கோழியில்தான் என்று முடிவு கட்டினார். கோழி கொடுத்தவர் ஹுங். லானோடு ஒரே தொழிலாளர் விடுதியில் இருந்தவர், முப்பது வருடச் சிநேகிதர். லான் அன்றே போய் அவரோடு சண்டை போட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கோழி வேறு இடத்திலிருந்து வந்தது. ஸ்ரீதரன் அந்தக் காலை முழுதும் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“பகிடி இல்லை, ஷெஃபின்” என்றார் இப்போது. “வெள்ளிக்கிழமை நான் இறைச்சி சாப்பிடமாட்டேன். அதனால் சூப்பையும் வாயில் வைப்பதில்லை. வந்த நாள் தொடக்கம்.”

குவாங்குக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. ஆனாலும் அனுபவசாலி. “பத்து நிமிடம் எல்லாரும் படம் எடுக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

“மீன் சோஸ்” என்றார் லான் மெல்ல. பிறகு, “அந்தப் பத்திரிகைக்காரன்” என்றார். பிறகு திரும்பி நடந்தார்.

புல்வெளியின் ஓரத்தில் சிவப்புத் தூண்களோடு நீளமான ஒரு நடைகூடம் போகிறது. லான் அதற்குள் போய் அந்தக் கடைசியில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்துகொண்டார். ஆனந்தராசா தலையில் கை வைத்தபடி நின்றார்.

“தம்பி, நான் வேணுமெண்டு சொல்லேல்லையடா.”

“தெரியும் அண்ணை.”

“என்ர வாயைத் தைக்க வேணும்.”

“பிறகு தைக்கலாம். இப்ப விடுங்கோ, நான் போய்க் கதைக்கிறன்.”

நடைகூடம் நீளம். ஸ்ரீதரன் போய்ச் சேர்ந்தபோது லான் மழையங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் ஹுங்கை என்ன சொன்னேன் என்று தெரியுமா? செத்த கோழியை விற்கிறாய் என்று சொன்னேன். அவன் மனைவிக்கு முன்னால்.”

“தெரியும். நீங்கள்தான் வந்து சொன்னீர்கள்.”

“அப்போது ஏன் நீ வாய் திறக்கவில்லை?”

ஸ்ரீதரனின் ஜெர்மனில் குசினிக்கு வார்த்தை இருந்தது, அலுவலகத்துக்கு இருந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் இருந்தது. இதற்குத் தேட வேண்டியிருந்தது.

“முதல் பயம். வேலை போய்விடும் என்று. பிறகு வெட்கம்.”

“என்னிடம் சொல்லியிருந்தால் நான் வந்து ருசி பார்த்திருப்பேன். ஒரு கரண்டி. பத்து வினாடி வேலை.”

“ஓம்.”

அந்த ஒரு சொல் லானுக்கும் தெரியும். பத்தொன்பது வருடத்தில் குசினியிலிருந்து அவர் பொறுக்கிய தமிழ்ச் சொற்களில் அது முதலாவது. இரண்டாவது ‘ஏலாது’.

லான் கைபேசியை எடுத்தார். பேர்லினில் அப்போது காலை ஏழு மணி. ஹுங் நாலு மணிக்கே கடை திறக்கிறவர். எண் அழிக்கப்படாமல் அதிலேயே இருந்தது. லான் அதை அழுத்தி, மறுமுனையில் எடுப்பதற்குள் கைபேசியை ஸ்ரீதரன் கையில் திணித்தார்.

“நீயே சொல்.”

“நானா?”

“கோழிக்குப் பழுது இல்லை என்று தெரிந்தவன் நீதான்.”

மறுமுனையில் ஒரு முரட்டுக் குரல் வியட்நாமிய மொழியில் ஏதோ கேட்டது. ஸ்ரீதரன் ஜெர்மனில் தன் பெயரைச் சொன்னார். லானின் கடையில் சமைக்கிறவன் என்றார். நாலு வருடத்துக்கு முன்னால் வந்த பிரச்சினை கோழியால் வந்ததில்லை, என்னால் வந்தது என்றார். வெள்ளிக்கிழமை, உப்பு, பத்திரிகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். மறுமுனையில் கத்தியால் எதையோ வெட்டுகிற சத்தம் நின்றது.

“வெள்ளிக்கிழமை நீ வாயிலேயே வைப்பதில்லையா?”

“இல்லை.”

“அந்த வருடம் நான் ஆறு கோழிப் பண்ணைக்காரர்களோடு சண்டை போட்டேன். என் கோழியில் எது பழுது என்று ஒவ்வொருவனிடமும் போய்க் கேட்டேன். தெரியுமா உனக்கு?”

“தெரியாது. மன்னியுங்கள்.”

ஹுங் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “அவளிடம் கொடு” என்றார்.

லான் கைபேசியை வாங்கிக்கொண்டு நடைகூடத்தில் நடக்கத் தொடங்கினார். முதலில் மெல்லிய குரல். பிறகு சத்தம். பிறகு மறுபடி மெல்லிய குரல். ஸ்ரீதரனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குவாங் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எல்லாம் விளங்கும். ஸ்ரீதரன் அவர் முகத்தையே பார்த்தார்.

“கடையைப் பற்றி ஏதும் கதைக்கிறாரா?”

“இல்லை” என்றார் குவாங், லைப்சிக் இழுவையோடு. “யாரோ ஒரு மகளுக்குக் கலியாணம் நடந்திருக்கிறது. ஏன் கூப்பிடவில்லை என்று உன் முதலாளி கேட்கிறார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாயா என்று அந்த ஆள் கேட்கிறார்.”

கால் மணித்தியாலம் கழித்து லான் வந்தார். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

“சுஷிக்காரன் நேற்றும் செய்தி அனுப்பினான்” என்றார். “உனக்குக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். இன்று மத்தியானம் சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது எனக்குத் தெரியவில்லை, ஸ்ரீ. வாரத்தில் நிறைய ஆள் வருகிற நாளில் ருசி பார்க்காத சமையல்காரனிடம் நான் எப்படிக் கடையைக் கொடுப்பது?”

சுந்தரேஸ்வரி சொன்னதுபோல வாயைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். ஆனால் விமானத்தில் இருந்தபடி மனதுக்குள் எழுதி வைத்த வசனம் எதுவும் இந்த நிலைமைக்கு உதவாது. சரி, இனிமேல் வெள்ளியும் ருசி பார்க்கிறேன் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். அந்த வசனம் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அதுவும் வேலை கேட்டு வந்த அன்று சொன்ன பதில் மாதிரித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமை நான் ருசி பார்க்கமாட்டேன், ஷெஃபின்” என்றார். “அது ஏலாது. வெள்ளிக்கிழமை குசினிக்கு வேறொரு ஆள் போடுவேன். சாப்பிடுகிற ஆள். அவருக்கு நானே பழக்குவேன், நீங்கள் சரி என்று சொல்லும் வரை.”

“நீ?”

“நான் முன்னுக்கு நிற்பேன். மேசை பார்ப்பேன்.”

லான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் கடை திறந்திருக்கிற நேரம் ஸ்ரீதரன் முன்பக்கம் வந்தது இரண்டு முறை. ஒரு முறை தீயணைப்புக் கருவி எடுக்க. மற்ற முறை லானுக்கு மயக்கம் வந்தபோது.

“ஆட்கள் கேட்பார்கள். யார் நீ என்று.”

“கேட்டால் சொல்லுவேன். மற்ற ஆறு நாளும் சமைக்கிறவன் என்று.”

“சிலர் வராமல் விடுவார்கள்.”

“விடுவார்கள்” என்றார் ஸ்ரீதரன். “எனக்கும் தெரியும்.”

லான் வாங்கில் இருந்த மழையங்கியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். தலையை நுழைக்கும் இடம் பிடிபடாமல் கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டினார். ஸ்ரீதரன் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். தலை வெளியே வந்ததும் லான் பேசினார்.

“திரும்பிப் போக இன்னும் எட்டு நாள் இருக்கிறது. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு நான் இன்று இரவு எழுதுகிறேன், குத்தகைக்கு உன் பெயரை. ஆனால் முதல் மூன்று மாதம் வெள்ளிக்கிழமைகளில் நான் வருவேன். குசினிக்குள் வரமாட்டேன். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். மீன் சோஸைத் தொட வேண்டி வந்தால் சுஷிக்காரனைக் கூப்பிடுவேன்.”

“சரி.”

“கோழி ஹுங்கிடம்தான் எடுக்க வேண்டும். முதல் தடவை நீயே நேரில் போ. காலை நாலு மணிக்கு.”

“ஓம். போறன்” என்றார் ஸ்ரீதரன், தமிழிலேயே.

மற்ற இருவரும் புல்வெளியின் அந்தப் பக்கத்தில் தொப்பலாக நனைந்துபோய் நின்றார்கள். ஸ்ரீதரன் வருவதைக் கண்டதும் லக்சிகா ஓடி வந்தாள்.

“என்னவாம் அண்ணை? கடை?”

“வெள்ளிக்கிழமைக்கு ஒரு சமையல்காரர் தேட வேணும்” என்றார் ஸ்ரீதரன். “எல்லாம் சாப்பிடுற ஆளா.”

அவள் விளங்கிக்கொள்ள ஒரு வினாடி பிடித்தது. பிறகு ஆனந்தராசாவின் ரோசா மழையங்கியைப் பிடித்து உலுக்கினாள். அவர் இன்னும் நம்பாமல் லானைப் பார்த்தார். லான் அவருக்கு விரலைக் காட்டி மிரட்டிவிட்டு, “அடுத்தது என்ன பார்ப்பது?” என்று குவாங்கிடம் கேட்டார். அரசர்களின் நினைவாலயம் இருக்கிறது, அதற்கு முன்னால் பெரிய வெண்கலக் கொப்பரைகள் ஒன்பது இருக்கின்றன என்றார் குவாங். எல்லாரும் அந்தப் பக்கம் நடந்தார்கள். ஸ்ரீதரன் கொஞ்சம் பின்தங்கி நின்று, சுந்தரேஸ்வரி வேலைக்குப் போகும் பேருந்தில் இருக்கிற நேரம்தான் என்று கணக்குப் பார்த்து, கைபேசியை எடுத்தார்.